சம்பளத்துக்கு முந்திய பத்து நாள்: பல்கலைக்கழக ஊழியர்களின் சாப்பாட்டுக் குறையை எப்படித் தீர்ப்பது?

திருகோணமலையில் பல்கலைக்கழகப் பிரிவொன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் இடத்தில் மாதம் பத்தாம் திகதி தாண்டினால் சிலர் மதியம் சாப்பிடுவதில்லை. கேட்டால் விரதம், வயிறு சரியில்லை என்கிறார்கள். நலன்புரிச் சங்கத்தில் இதைப் பேசினோம். சம்பளம் எடுக்கிறவனுக்கு என்ன பசி என்று ஒருவர் கேட்டார். கஷ்டப்பட்ட இரண்டொருவருக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். இப்படி ஒரு பிரச்சினை இருப்பதை எப்படிக் காட்டுவது? எதைச் செய்தால் பலன் இருக்கும்?”

ஊழியர் நலன், கூட்டுறவு, போசாக்கு என்று கிழக்கில் பல இடங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை. சம்பளப் பட்டியல் உள்ள எல்லா இடங்களிலும் இது இருக்கிறது.

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதி கொடுப்பதில் தொடங்காதீர்கள். எல்லோரும் வாங்கிச் சாப்பிடக்கூடிய விலையில் ஒரு மதியச் சாப்பாட்டில் தொடங்குங்கள். பணிப்பாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே விலை கொடுத்து ஒரே வரிசையில் எடுக்கும் சாப்பாடாக அது இருக்கவேண்டும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

“சம்பளம் எடுக்கிறவனுக்கு என்ன பசி” என்று கேட்டவருக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நம் நாட்டில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக நூறு கிலோவுக்கு மேல் அரிசி சாப்பிடுகிறார். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 35 கிலோ. 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச சில்லறை விலை, நாடு அரிசி கிலோ 230 ரூபாய். அந்த விலைக்கே கிடைத்தாலும் மாதம் 8,050 ரூபாய் அரிசிக்கு மட்டும் போகிறது. தனியார் கொம்பனி வழியாக வந்து வேலை செய்யும் துப்புரவுப் பணியாளருக்கு, 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் கையில் 27,600. வீட்டில் உழைப்பது அவர் ஒருவர்தான் என்றால், வெறும் சோற்றுக்கே கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. கறி, தேங்காய், எரிவாயு, மின்சாரம், பஸ் காசு, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, வாடகை எல்லாம் மிச்சத்தில்தான். அதுவும் முழு மாதமும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்திருந்தால்.

நிரந்தர ஊழியரின் நிலை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அவருக்கு வேறொரு பிரச்சினை இருக்கிறது: கழிவு, அதாவது கடனுக்கென்று சம்பளத்தில் வெட்டப்படும் காசு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாயானது. அரச சேவையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமோ 24,250 ரூபாயில் அப்படியே நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதை 40,000 ஆக்க முடிவு வந்தது, அதுவும் மூன்று வருடங்களில் கட்டம் கட்டமாக. இடையில் இருந்த வருடங்களைக் குடும்பங்கள் எப்படித் தாண்டின? இடர்கடன் எடுத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள், சீட்டை முன்கூட்டியே எடுத்தார்கள், சிலர் வாராந்த நுண்கடனுக்குள்ளும் போனார்கள். பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எடுத்த கடனும் சம்பளச் சீட்டில் மாதாமாதம் கழிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவரின் பதவியைப் பார்த்து அவர் வீட்டு அடுப்பைக் கணிக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மொத்தச் சம்பளம் நல்லதாகத் தெரியும் ஒருவர், கழிவெல்லாம் போகக் கையில் எடுப்பது அவருக்குக் கீழே வேலை செய்பவரைவிடக் குறைவாக இருக்கலாம்.

பத்தாம் திகதிக்குப் பிறகுதான் இது தெரிகிறது என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அரச சம்பளம் பொதுவாக இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் கணக்கில் விழும். கடைக் கொப்பிக்கும் கடனுக்கும் கொடுத்து முடிய, அடுத்த மாதம் பத்தாம் திகதியளவில் கை வெறுமையாகிவிடும். கொம்பனி வழியாக வருபவர்களில் பலருக்கோ சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் திகதியளவில்தான் வருகிறது. அவர்களின் கஷ்ட நாட்கள் மாதத்தின் தொடக்கத்தில். ஒரே கட்டடத்தில் இரண்டு பசிக்காலங்கள். மாதக் கடைசியில் மட்டும் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாமல் போகலாம்.

வருடத்துக்கும் ஒரு பசிக்காலம் உண்டு. வாடைக்காற்று தொடங்கி நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கடல் கொந்தளிக்கும்போது நிலாவெளி, இறக்கண்டி, குச்சவெளிப் பக்கம் சின்ன வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே நிற்கும். சூடையும் சாளையும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஏழை வீட்டுக்கும் மீன் உண்டு. வாடையில் அந்த மீனும் எட்டாது. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில்தான் வெட்டுக்கு வரும் என்பதால், அரிசியும் அதற்கு முந்திய மாதங்களில்தான் விலை கூடி நிற்கும். மழையில் மரக்கறியும் ஏறும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல், கிண்ணியாவிலும் மூதூரிலும் தயிர், சுற்றிவரக் கடல் என்று இருக்கும் மாவட்டத்தில் ஓர் அலுவலக ஊழியர் சம்பலும் பாணுமாக நாளைக் கடத்துவது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். மாவட்டத்தில் உணவு இருக்கிறது. வாங்கும் நேரத்தில் கையில் காசு இல்லை.

பசி எப்படி மறைகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நலன்புரிச் சங்கத்தில் உள்ளவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள். விரதம் என்பது மரியாதையான காரணம். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். முஸ்லிம் சகோதரர் சுன்னத்தான நோன்பு என்றாலும் அப்படித்தான். உண்மையாக விரதம் இருப்பவர்களும் இருக்கிறார்கள், யாரையும் விசாரிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் ஒரே ஆள் சம்பளத்துக்கு முந்திய வாரங்களில் மட்டும் விரதம் இருந்தால் கவனியுங்கள். சிலர் சாப்பாட்டுப் பெட்டியைத் தனியாக எங்கேயாவது கொண்டுபோய்த் திறப்பார்கள், உள்ளே சோறும் சம்பலும் மட்டும் இருப்பதை மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று. சிலர் காலையில் ஒரு பணிஸும் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியுமாகப் பின்னேரம் வரை இழுப்பார்கள். இனிப்புத் தேத்தண்ணி பசியைக் கொஞ்சம் அடக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் அது குறைக்கும். பெண்களுக்கு இது இன்னும் கெடுதி.

நான் அதிகம் பயப்படுவது சீனி வருத்தம் உள்ளவர்களை நினைத்து. இன்சுலின் ஏற்றிவிட்டு அல்லது சில வகைக் குளிசைகளைப் போட்டுவிட்டு மதியம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார்கள். ஆய்வுகூடத்தில், ஏணியில், வாகனம் ஓட்டும்போது அது நடந்தால் என்ன ஆகும்? நிர்வாகத்துக்கு எழுதும்போது இந்த ஒரு விஷயத்தைத் தவறாமல் எழுதுங்கள். பசி என்றால் அசையாதவர்கள்கூட விபத்து என்றால் நின்று கேட்பார்கள்.

சரி, இருப்பதை எப்படிக் காட்டுவது? ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. காசோ வேறு வசதியோ இல்லாததால் சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா, சத்தான சாப்பாடு சாப்பிட முடியாமல் போனதா, ஒரு சில வகைகளை மட்டுமே சாப்பிட்டீர்களா, ஒரு வேளை சாப்பாட்டை விட்டீர்களா, சாப்பிடவேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா, வீட்டில் சாப்பாடு முடிந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா. எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்ற பதில்தான். கடைசி 30 நாளைப் பற்றிக் கேட்டால் போதும். கவலையில் தொடங்கிப் பட்டினியில் முடியும் இந்த வரிசையில்தான் இதன் பலமே இருக்கிறது. முழு நாளும் பட்டினி கிடந்தவரை மட்டும் தேடினால் மிகச் சிலர்தான் அகப்படுவார்கள், பிரச்சினை இல்லை என்று கதை முடிந்துவிடும். முதல் மூன்று கேள்விகளுக்கு எத்தனை பேர் ஆம் என்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் எழுதுவினைஞர்களும் தற்காலிக விரிவுரையாளர்களும் செய்துகாட்டுநர்களும் இருப்பார்கள்.

கேட்கும் விதம் சரியாக அமையாவிட்டால் பதில் பொய்யாகத்தான் வரும். பெயர் வேண்டாம், பிரிவின் பெயரும் வேண்டாம். நான்கு பேர் இருக்கும் பிரிவில் பிரிவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். நிரந்தரம், ஒப்பந்தம், கொம்பனி வழி என்று வேலை வகையை மட்டும் கேளுங்கள். கணினிப் படிவம் வேண்டாம். காவலாளியும் தோட்ட வேலை செய்பவரும் அதில் விடுபட்டுப்போவார்கள், மின்னஞ்சலில் தடம் இருக்கும் என்ற பயமும் உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த தாள், பூட்டிய பெட்டி, போடும் இடத்தில் யாரும் நிற்காத ஒரு மூலை, இவை போதும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு, அவர்கள் நம்பும் ஒருவர் வாசித்துக் காட்டட்டும். பிரிவுத் தலைவர் வழியாகத் தாள் கொடுக்கவே கூடாது. அளவுகோலின் எட்டுக் கேள்விகளோடு, மாதத்தில் எந்தத் திகதிகள் கஷ்டம் என்று ஒன்றையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவும். முடிவைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை முதலே எடுங்கள். உள்ளுக்குள் முடிவெடுக்க மட்டும் என்றாலும் அதே கவனத்தோடு செய்யுங்கள்.

இப்படிக் கேட்பது புதிய வேலை ஒன்றும் இல்லை. 2016 இல் அமெரிக்காவில் ஒக்சிடென்டல் கல்லூரி ஆய்வாளர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எழுத்தர்களையும் நிர்வாக உதவி ஊழியர்களையும் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் பத்துக்கு ஏழு பேர், போதிய, தரமான சாப்பாட்டுக்குச் சிரமப்படுவதாகத் தெரிந்தது. அந்தப் பல்கலைக்கழகம் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் உலகத்துக்கு எப்படி உணவு கொடுப்பது என்று பெரிய முயற்சியொன்றைத் தொடங்கியிருந்தது. நம் நிலைமை வேறு, அந்த எண்ணிக்கையை இங்கே கொண்டுவந்து பொருத்தமுடியாது. ஆனால் மாணவர் பசியைப் பற்றிப் பேசும் பல்கலைக்கழகம் தன் ஊழியரின் பசியைக் கேட்க மறப்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். மாணவருக்கு மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, உதவுதொகை இருக்கிறது, அவர் ஏழையாக இருக்கலாம் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை வாங்கி அடுக்கும் ஊழியரைப் பற்றி அப்படி யோசிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம்.

வெளியில் ஒரு சோற்றுப் பார்சல் 300, 400 ரூபாய் போகிறது. 350 என்று வைத்தால் மாதம் 22 வேலை நாளுக்கு 7,700 ரூபாய், ஏறக்குறைய ஒரு குடும்பத்தின் மாத அரிசிக் காசு. அதனால்தான் விடுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ விடியற்காலை பஸ் எடுத்து வரும் பெண்ணை நினைத்துப் பார்க்கவேண்டும். அவர் நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துக் கட்டும் சோறு, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குள் புளித்துவிடும். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் அது யாருடைய அறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் பாவிக்கலாம் என்பது.

மொத்தமாகச் சமைத்தால் செலவு எவ்வளவு? ஒருவருக்கு 150 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு கீரை, கொஞ்சம் தேங்காய், அதோடு ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு மீன். என் கணக்கில் பொருட்செலவு 150 ரூபாயைச் சுற்றித்தான் வரும், தேங்காய் விலை ஏறும் மாதங்களில் கொஞ்சம் கூடும். சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் குறையும் புரதக்கூறை மற்றது நிரப்பும். கீரை நம் ஊரில் தட்டுப்பாடில்லை. வெளிப் பார்சலின் விலை ஏறுவது சமையல் கூலி, இடவாடகை, வீணாகும் பொருள், இலாபம் எல்லாம் அதன் மேல் ஏறுவதால்.

இங்கேதான் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கையில் உண்மையான ஓர் ஆயுதம் இருக்கிறது. சிற்றுண்டிச்சாலையைக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டுக் கொடுக்கும்போது வழக்கமாக யார் கூடுதல் வாடகை தருகிறார் என்று பார்ப்பார்கள். அந்த வாடகையைச் சாப்பிடுகிறவர்களின் சட்டைப்பையிலிருந்துதான் கடைக்காரர் எடுக்கிறார், வேறெங்கே போவார்? அதைத் திருப்பிப் போடுங்கள். வாடகையைப் பெயரளவுக்கு ஒரு சிறு தொகையாக நிலைநிறுத்திவிட்டு, அளவும் தரமும் எழுதிக்கொடுத்த ஒரு மதியச் சாப்பாட்டை யார் ஆகக் குறைந்த விலைக்குத் தருகிறார் என்று கேளுங்கள். சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டை அல்லது மீன் எத்தனை கிராம் என்று நிபந்தனையில் இருக்கட்டும். மற்ற பலகாரங்கள், கொத்து, குளிர்பானம் எல்லாம் அவர் விரும்பிய விலைக்கு விற்கட்டும், அதில் அவர் பிழைத்துக்கொள்வார். நிர்வாகம் புதிதாக ஒரு சதமும் செலவழிக்கவேண்டியதில்லை, வருமானத்தில் ஒரு சின்னப் பங்கை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரும் மின்சாரமும் நிறுவனம் ஏற்றுக்கொண்டால் விலை இன்னும் இறங்கும். இது நிதியாளரோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம், பேரவைக்குப் போகவேண்டி வரலாம். குத்தகை முடிய ஆறு மாதத்துக்கு முன்பே பேசத் தொடங்குங்கள்.

சீட்டுப் புத்தக முறையையும் சேர்க்கவேண்டும். சாப்பாட்டு விலை 180 ரூபாய்க்கு இறங்கினாலும், சம்பளத்துக்கு முந்திய பத்து நாளில் அதற்கும் காசு இருக்காது. ஆகவே மாதத்துக்கு 22 சீட்டுகள் கொண்ட புத்தகம் ஒன்றைச் சம்பளத்தில் கழித்து வாங்க வழி செய்யுங்கள். விரும்பியவர்கள் மட்டும் வாங்கட்டும். பணம் வரும் நாளிலேயே பசிக்கும் நாளின் சாப்பாடு உறுதியாகிவிடும். கையில் காசு இருக்கும்போது மதியச் சாப்பாட்டுக்கென்று யாரும் ஒதுக்கிவைப்பதில்லை, பிள்ளையின் சப்பாத்து முந்திக்கொள்ளும். சீட்டுப் புத்தகம் அந்தக் காசைப் பாதுகாக்கும். பேராசிரியர் கையிலும் அதே சீட்டு இருப்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. தாராள மனம் உள்ளவர்கள் பாவிக்காத சீட்டை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். தேவையானவர் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார் என்று எழுதிவைக்கவேண்டாம்.

திருகோணமலையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மேசையில் இருக்கும் ஊர் இது. அடிப்படைச் சாப்பாடு எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும்: சோறு, பருப்பு, மரக்கறி, கீரை. மீனும் முட்டையும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. இறைச்சி போட்டால் ஹலாலாக இருக்கட்டும். செவ்வாய், வெள்ளியில் மரக்கறி கேட்பவர்களுக்கு முட்டைக்குப் பதிலாகக் கடலை அல்லது பயறு. ரமழானில் நோன்பாளிகளின் சீட்டு வீணாகாமல், பின்னேரம் கஞ்சிக்கோ உலர் பொருளுக்கோ மாற்றிக் கொடுங்கள். இவ்வளவும் சமையலறைக்கு ஒரு தொந்தரவே இல்லை, முதலிலேயே எழுதிவைத்தால்.

இரவுக் காவலாளிகளை மறந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுத் திட்டம் எதுவும் அவர்களைத் தொடாது. வேலைக்கு வரும் நேரத்தில் எடுத்துச் செல்ல ஒரு பொதியாவது அவர்கள் கணக்கில் இருக்கவேண்டும்.

அடுத்தது அரிசி. பெரும்போகம் வெட்டி முடியும் நேரத்தில் நெல் விலை ஆகக் கீழே நிற்கும். 2025 பெப்ரவரியில் அரசின் உத்தரவாத விலை நாடு நெல் கிலோ 120 ரூபாய். 100 கிலோ காய்ந்த நெல்லில் ஏறக்குறைய 64 கிலோ அரிசி வரும், அப்படியென்றால் அரிசி கிலோ 188 ரூபாயளவில் விழும். அவிக்கிற கூலி, குற்றுகிற கூலி, ஏற்றுக்கூலி சேர்த்தாலும் கடை விலையைவிடக் கிலோவுக்கு 20, 25 ரூபாய் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 700, 800 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம், அது நான்கைந்து நாளின் மதியச் சாப்பாடு. தம்பலகாமத்து விவசாயிக்கும் அறுவடை நேரத்தில் உத்தரவாத விலை கொடுத்து உடனே காசு தரும் ஆள் கிடைக்கிறார். உத்தரவாத விலை காய்ந்த நெல்லுக்கானது, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். ஈர நெல்லை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அடுக்கினால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் நட்டமாகும். முதல் வருடம் மூன்று மாத அரிசிக்கு மட்டும் செய்து பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு 165 கிலோ நெல், ஏறக்குறைய 20,000 ரூபாய். அந்தக் காசை முற்கூட்டியே போட ஊழியரால் முடியாது. நலன்புரிச் சங்கமோ ஊழியர்களின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமோ முதல் போட்டு, சம்பளத்தில் மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு கூட்டுறவுச் சங்கம் உங்களிடம் இல்லையென்றால் தொடங்கும் வேலை கடினமில்லை. மாகாணத்தின் தலைமையிடமே திருகோணமலைதான், கூட்டுறவுத் திணைக்கள அலுவலர்களைப் பார்க்க நீங்கள் மற்ற மாவட்டக்காரர்கள்போல நாள் முழுக்கப் பயணம் செய்யவேண்டியதில்லை. நுண்கடன் வட்டியிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கவும் இந்தச் சங்கம்தான் ஆகச் சிறந்த வழி.

கொம்பனி வழி ஊழியர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. “அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை” என்ற பதில் எங்கும் வரும். கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலை போட்டவருக்கு வேலையைக் கொடுத்தது யார்? அந்த விலையில் சட்டப்படியான சம்பளமும், சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் அடங்குமா என்று ஒரு முறை கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடங்காவிட்டால் அந்த மிச்சம் யாரோ ஒருவருடைய சோற்றிலிருந்துதான் வருகிறது. நிபந்தனைகளில் சம்பளத் திகதி, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், அவற்றைக் காட்டினால்தான் கொம்பனியின் மாதப் பட்டியலுக்குக் காசு என்று. மதியச் சாப்பாட்டுச் சீட்டும் அவர்களுக்கு மற்றவர்களின் அதே விலைக்குக் கிடைக்கவேண்டும். சம்பளம் சரியாக வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால் அந்தப் பயம் பாதி குறையும்.

தற்காலிக விரிவுரையாளர், செய்துகாட்டுநர் விஷயம் இதைவிடச் சுலபம். நியமனம் புதுப்பிக்கும் கடிதம் தாமதமாவதால் சம்பளம் நிற்கும். கடிதத்தை முந்திய மாதமே தயாரித்தால் தீர்ந்தது.

பொதி கொடுக்க நினைத்தவரை நான் குறை சொல்லவில்லை, அவர் மனம் நல்லது. வீடு வெள்ளத்தில் போனவர், திடீர் மரணம் நடந்த குடும்பம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு சம்பளமில்லா லீவில் இருப்பவர் போன்றவர்களுக்குப் பொதி தேவை. மாதாமாதம் வரும் குறைக்கு அது மருந்தாகாது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிவுசெய்யும்போதே அலுவலகம் முழுக்கப் பெயர் அடிபடும். படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். அடுத்த மாதம் அந்த ஆள் பசியோடு இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். கொடுத்தே ஆகவேண்டிய நேரத்தில் பொருளை விடுங்கள், கூட்டுறவுக் கடையிலோ சதொசவிலோ பாவிக்கக்கூடிய வவுச்சராக ஓர் உறைக்குள் வைத்து ஒருவர் மட்டும் தெரிந்து கொடுங்கள். வீட்டில் பால்மா இல்லையா பருப்பு இல்லையா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுத்தோட்டத்தையும் யாராவது முன்வைப்பார்கள். 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னது நினைவிருக்கும். காணியும் கிணறும் உள்ளவருக்கு நல்லது. முருங்கை, மரவள்ளி, பயற்றை எல்லாம் நம் மணலில் வரும். உப்புவெளியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. வளாகத்தின் வெறும் நிலத்தில் நலன்புரிச் சங்கம் முருங்கையும் கீரையும் வைத்துச் சமையலறைக்குக் கொடுத்தால் அது வேறு, அதை நான் ஆதரிப்பேன்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் உங்களிடம் வேலை செய்தால், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கிளினிக்கில் பதிந்திருக்கிறார்களா என்று பெண் ஊழியர் ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள். திரிபோஷா சத்துமா அவர்களுக்கு அங்கே கிடைக்கும், சம்பளம் எடுப்பது தடையில்லை. உத்தியோகம் பார்க்கிறோம் என்ற கூச்சத்தில் வாங்காமல் விடுபவர்கள் உண்டு.

எங்கே தொடங்குவது என்றால், வருகிற பத்தாம் திகதிக்கும் இருபதாம் திகதிக்கும் இடையில் அந்த எட்டுக் கேள்வித் தாளைப் போடுங்கள். கொம்பனி வழி ஊழியர்களின் தாளை மட்டும் மாதத்தின் முதல் வாரத்தில் போடுங்கள். முடிவு வந்ததும் ஒரே பக்கத்தில் வளாக முதல்வருக்கும் பதிவாளருக்கும் நிதியாளருக்கும் கடிதம் எழுதுங்கள். எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் ஒரு வேளையை விட்டார்கள், எந்தத் திகதிகளில் என்று மூன்று வரி. சீனி வருத்தம் பற்றி ஒரு வரி. பிறகு இரண்டே கோரிக்கைகள்: சிற்றுண்டிச்சாலையின் அடுத்த குத்தகையில் வாடகைக்குப் பதிலாகச் சாப்பாட்டு விலையைப் பார்ப்பது, சீட்டுப் புத்தகத்தைச் சம்பளத்தில் கழிக்க அனுமதிப்பது. அரிசியை நலன்புரிச் சங்கம் தானே செய்யலாம், அந்தக் காசைச் சம்பளத்தில் கழிப்பதற்கு மட்டும் அனுமதி வேண்டும். கடிதத்தில் எல்லாத் தொழிற்சங்கங்களின் கையொப்பமும் இருக்கட்டும், கல்விசார் ஊழியர் சங்கத்தினுடையதும் சேர்த்து. குத்தகை எப்போது முடிகிறது என்பதை நாளைக்கே விசாரித்து வையுங்கள்.